விஷம் வைத்தாரா மாபெல்? ரோஜர் தெ மான்ட்கோமரி குடும்பத்தைப் பற்றி

நீங்கள் கேட்டது இது: "11-ஆம் நூற்றாண்டு நார்மன் பிரபு ரோஜர் தெ மான்ட்கோமரியின் மனைவி மாபெல் ஆட்களுக்கு விஷம் வைத்துக் கொன்றவர், மகன் ராபர்ட் சித்திரவதைக்காரர் என்று படித்தேன். அதே இடத்தில் ரோஜரை மட்டும் நேர்மையானவர், பக்திமான் என்று எழுதியிருக்கிறார்கள். இது எப்படிச் சரியாகும்? அவர் ஹேஸ்டிங்ஸ் போரில் இருந்தாரா? அந்த வம்சம் இன்னும் இருக்கிறதா?" பார்க்க மூன்று கேள்வி. ஆனால் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்குச் சொன்னது யார், அவர் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்?

நான் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியவன். ஒரு குடும்பத்தை வைத்துச் சான்றுகளை எடைபோடுவது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றால் முதலில் இந்தக் குடும்பத்தைத்தான் எடுப்பேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு லத்தீன் ஓரளவுக்குத்தான் வரும், மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். நார்மண்டிச் சாசனங்களையும் அச்சில் வந்த பதிப்புகளில்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரோஜரின் அப்பா பெயரும் ரோஜர்தான். வட பிரான்ஸில் இருந்த நார்மண்டியின் நடுப்பகுதியில், எக்ஸ்ம் வட்டாரத்தில், கோமகனின் (நார்மண்டியை ஆண்ட டியூக்கின்) சார்பாக அதிகாரம் செலுத்தியவர். அப்போது கோமகனாக இருந்த வில்லியம் (பின்னாளில் இங்கிலாந்தை வென்ற அதே வில்லியம்) சின்னப் பையன். பிரபுக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த காலம். மூத்த ரோஜர் ஏதோ துரோகத்துக்காக நாடு கடத்தப்பட்டுப் பாரிஸில் கிடந்தார். அவருடைய மகன்களில் ஒருவரான வில்லியம் தெ மான்ட்கோமரி ஒரு நாள் ராத்திரி, 1040-ஐ ஒட்டிய வருடத்தில், சிறுவனான கோமகன் படுத்திருந்த அறைக்குள்ளேயே புகுந்து, அரண்மனைப் பொறுப்பாளர் ஆஸ்பெர்னின் கழுத்தை அறுத்தார். சில காலம் கழித்து ஆஸ்பெர்னின் ஆள் ஒருவர் அந்த வில்லியமைக் கொன்று பழி தீர்த்துக்கொண்டார். நம்முடைய ரோஜர் அந்தக் கொலைகாரரின் உடன்பிறந்தவர்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில், டோம்ஃபிரான் கோட்டை முற்றுகையின்போது ஆஞ்சு நாட்டுப் பிரபு ஜெஃப்ரி படையோடு வருகிறார் என்று செய்தி வருகிறது. நிலவரம் பார்த்து வர கோமகன் வில்லியம் இரண்டு இளைஞர்களைச் சேர்த்து அனுப்புகிறார். ஒருவர் நம் ரோஜர். இன்னொருவர் வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பெர்ன், அதாவது கொலையுண்ட ஆஸ்பெர்னின் மகன். கோமகனின் சொந்த வரலாற்றாசிரியரான வில்லியம் ஆஃப் புவாத்தியே எழுதியது இது. அவர் இந்தப் பழைய ரத்தக்கறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இந்த ஒரு காட்சியே ரோஜரைப் பற்றி நிறையச் சொல்கிறது. துரோகிப் பட்டம் வாங்கிய குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதுக்குள் கோமகனின் உள்வட்டத்துக்குள் வந்து, அதன்பின் ஏறக்குறைய நாற்பது வருடம் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்த மனிதர். பொறுமையும் கணக்கும் இல்லாமல் இது நடக்காது. த்ரோஆர்ன் மடத்துக்குக் கொடுத்த ஒரு சாசனத்தில் தன்னை "நார்மன்களில் பிறந்த நார்மன், ரோஜர் ஆகிய நான்" என்று சொல்லிக்கொள்கிறார். அவர் குரலாகவே நமக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான், அதையும் ஒரு எழுத்தர் எழுதியிருப்பார்.

அப்புறம் மாபெல். இவர் பெல்லெம் குடும்பத்து வாரிசு. பெல்லெம் நார்மண்டியின் தெற்கு எல்லை. அந்தக் குடும்பம் கோமகனுக்கும், பிரான்ஸ் அரசருக்கும், தெற்கே இருந்த மேன் நாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் முழுசாகப் பணியாமல் காலம் தள்ளியது. மாபெலின் அப்பா வில்லியம் தால்வாஸைச் சொந்த மகனே துரத்திவிட்டதாகவும், அவர் மான்ட்கோமரி குடும்பத்தில் வந்து ஒண்டி, பதிலுக்கு மகளை ரோஜருக்குக் கட்டிக்கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். கல்யாணம் 1050-களின் தொடக்கத்தில் நடந்திருக்க வேண்டும். மாபெலின் சித்தப்பா ஈவ், சே நகரத்து பிஷப், 1070-ஐ ஒட்டி இறந்தபோது பெல்லெம் சொத்து முழுக்க மாபெலுக்கு வந்து சேர்ந்தது. ஆக, ரோஜருக்கு மனைவி மூலம் ஒரு சின்ன நாடே கிடைத்தது. சாசனங்களில் மாபெல் சும்மா கணவர் பக்கத்தில் நிற்கும் பெயராக வருவதில்லை. பெல்லெம் நிலங்கள் சம்பந்தப்பட்ட கொடைகளில் சம்மதம் தருபவராக, கொடுப்பவராக வருகிறார். சே நகரில் பாழடைந்து கிடந்த புனித மார்ட்டின் மடத்தை இருவரும் சேர்ந்துதான் மீண்டும் எழுப்பினார்கள். இதுவரை சொன்னதில் பெரிய தகராறு கிடையாது.

தகராறு ஆர்டெரிக் விட்டாலிஸ் வாயைத் திறக்கும்போது ஆரம்பிக்கிறது. விஷக் கதைகள், குட்டையானவர், வாயாடி, கெட்டிக்காரி, ஈவிரக்கமற்றவர் என்ற அந்த வர்ணனை எல்லாம் இந்த ஒரே துறவியின் நூலிலிருந்து வருகின்றன. இணையத்தில் நீங்கள் பார்த்ததும் கடைசியில் அவரிடம்தான் போய் முடியும். அதனால் ஆர்டெரிக் யார் என்று தெரியாமல் மாபெலைப் பற்றிப் பேச முடியாது.

ஆர்டெரிக் 1075-ல் இங்கிலாந்தில், ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். அம்மா ஆங்கிலேயப் பெண். அப்பா ஓடெலேரியஸ், ஆர்லியான் ஊர்க்காரர், ரோஜரின் வீட்டில் வேலை பார்த்த பாதிரியார். ரோஜர் பக்கத்தில் வைத்திருந்த மூன்று அறிவாளிக் குருமார்களில் ஒருவராக ஆர்டெரிக் தன் அப்பாவையும் சேர்த்து எழுதுகிறார். 1083-ல் ரோஜர் ஷ்ரூஸ்பரி மடத்தைத் தொடங்கியதற்கே தூண்டுகோல் இந்த ஓடெலேரியஸ்தான் என்கிறார். 10 வயதில் பையனை அப்பா நார்மண்டியில் உள்ள சாந்தெவ்ரூல் மடத்துக்கு அனுப்பிவிட்டார், கூடவே 30 மார்க் வெள்ளியும் கொடுத்து. அதன்பின் ஆர்டெரிக் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டே அப்பா தன்னை ஒப்படைத்ததையும், மொழி தெரியாத நாட்டில் போய் இறங்கியதையும் வயதான காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை எத்தனையாவது தடவை படித்தாலும் மனசு கனத்துப்போகிறது. சரி, இப்போது ரோஜரை அவர் ஏன் மரியாதையாக எழுதுகிறார் என்பதில் பாதி விளங்கியிருக்கும். அவர் அப்பாவுக்குச் சோறு போட்டவர் ரோஜர், அப்பா கடைசிக் காலத்தைக் கழித்த மடத்தைக் கட்டியவரும் ரோஜர்.

மறுபாதிக்கு சாந்தெவ்ரூல் மடத்தின் கதை தெரிய வேண்டும். அந்த மடத்தை 1050-ல் மீட்டெடுத்தவர்கள் ழிரோயி, கிரான்மெனில் என்ற இரண்டு குடும்பங்கள். இதில் ழிரோயி குடும்பத்துக்கும் பெல்லெம் குடும்பத்துக்கும் தீராத பகை. மாபெலின் அப்பா தன்னுடைய இரண்டாவது கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்த வில்லியம் ழிரோயியைப் பிடித்துக் கண்ணைப் பிடுங்கி அங்கங்களைச் சிதைத்தார் என்பது அந்தப் பகையின் மையக் கதை. அந்த வில்லியம் ழிரோயி மடத்தை எழுப்பியவர்களில் ஒருவர். மாபெல் விஷம் வைத்ததாகச் சொல்லப்படும் ஏஷோஃபூர் அர்னோல்ட் யார் தெரியுமா? அதே வில்லியம் ழிரோயியின் மகன். அதாவது, மடத்தை எழுப்பியவர்களின் பரம்பரை எதிரியைப் பற்றி, அந்த மடத்துக்குள் பல பத்து வருடங்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதையை, மாபெல் இறந்தபோது சின்னக் குழந்தையாக வேறு நாட்டில் இருந்த ஒருவர், சம்பவம் நடந்து ஐம்பது அறுபது வருடம் கழித்து எழுதுகிறார்.

இதற்காக ஆர்டெரிக் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கவனமான எழுத்தாளர். தேதி, ஊர், உறவுமுறை இவற்றில் பல இடங்களில் சாசனங்களோடு ஒத்துப்போகிறார். விஷக் கதையையே எடுத்துப் பாருங்கள். 1060-ஐ ஒட்டி அர்னோல்டைக் கோமகன் நாடு கடத்துகிறார். ரோஜரும் மாபெலும் கோமகன் காதில் ஓதியதுதான் காரணம் என்று ஆர்டெரிக் எழுதுகிறார். அர்னோல்டின் நிலத்தில் ஒரு பங்கு ரோஜருக்குப் போகிறது. அர்னோல்ட் தெற்கு இத்தாலிக்குப் போய்ப் பணம் சேர்த்துத் திரும்பி வந்து, விலையுயர்ந்த அங்கி ஒன்றைக் கோமகனுக்குக் காணிக்கை வைக்கிறார். நிலத்தைத் திருப்பித் தருவதாகக் கோமகன் வாக்குக் கொடுக்கிறார். அந்த நேரத்தில்தான் மாபெல் அவரை விருந்துக்குக் கூப்பிட்டாராம். அர்னோல்ட் சந்தேகப்பட்டு ஒரு வாய்கூட உண்ணவில்லை. கூட வந்த கில்பர்ட், ரோஜரின் சொந்தத் தம்பி, குதிரையை விட்டு இறங்காமலே அந்த மதுக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டார், மூன்றாம் நாள் இறந்துபோனார். அதற்கப்புறம் மாபெல் அர்னோல்டின் பள்ளியறைப் பணியாளர் ரோஜர் குலாஃப்ர் என்பவரை விலைக்கு வாங்கி, அவர் மூலமாக அர்னோல்டுக்கும் கூட இருந்த இரண்டு பிரபுக்களுக்கும் விஷத்தைக் கொடுத்தார். மற்ற இருவரும் தங்கள் வீட்டில் நல்ல கவனிப்பில் பிழைத்துக்கொண்டார்கள், அடுத்தவர் வீட்டில் படுத்திருந்த அர்னோல்ட் மட்டும் இறந்தார்.

இதில் நான் உறுதியாக ஏற்பது: கில்பர்ட் இளம் வயதில் திடீரென்று இறந்தார், அர்னோல்டும் நிலம் திரும்பக் கிடைக்கும் தறுவாயில் இறந்தார், அந்தச் சாவால் லாபம் ரோஜருக்கும் மாபெலுக்கும். ஆகவே நோக்கம் இருந்தது. விஷம் என்பது வேறு விஷயம். ஒரே விருந்தில் மூன்று பேர் நோய்வாய்ப்பட்டு இரண்டு பேர் தேறுவது, கெட்டுப்போன உணவு சாப்பிட்டால் இன்றும் நடப்பதுதான். அந்தக் காலத்தில் வாலிப வயதுப் பிரபு ஒருவர் காய்ச்சலில் போனாலும் விஷம் என்றுதான் முதலில் பேசுவார்கள். கோமகன் வில்லியம் மீதே இப்படிப் பழி உண்டு, அதையும் ஆர்டெரிக் பதிவு செய்திருக்கிறார். அப்புறம் இன்னொன்று. தன் தம்பியை மாபெல்தான் விஷம் வைத்துக் கொன்றார் என்று ரோஜர் நம்பியிருந்தால் அதன் சுவடு எங்காவது தெரிந்திருக்க வேண்டும். மாறாக, கணவனும் மனைவியும் கூடவே மடங்களுக்குக் கொடை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் முடிவு: சாத்தியம் உண்டு, ஆனால் நிரூபணம் ஆகாதது. ஒரு மாணவர் தேர்வில் "மாபெல் மூன்று பேருக்கு விஷம் வைத்தார்" என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். "வைத்ததாக சாந்தெவ்ரூல் மடத்தில் நம்பினார்கள்" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

மடத்தில் பரவிய இன்னொரு கதையையும் பார்த்துவிடலாம். மாபெல் நூறு வீரர்களோடு அடிக்கடி மடத்துக்கு வந்து தங்கித் துறவிகளின் சாப்பாட்டைத் தீர்த்துவிடுவாராம். மடாதிபதி தியரி கண்டித்தபோது, அடுத்த தடவை இன்னும் நிறையப் பேரோடு வருகிறேன் என்றாராம். அன்று ராத்திரியே மார்பில் தாங்க முடியாத வலி. கிளம்பிப் போகும் வழியில் ஒரு நகரத்தார் வீட்டுக் கைக்குழந்தையை மார்பில் வைத்து உறிஞ்சச் செய்தார், குழந்தை செத்துவிட்டது, இவருக்கு வலி போய்விட்டது. இரண்டாம் பாதி தண்டனைக் கதைகளின் வார்ப்பில் வார்த்தது, அதை வரலாறாக எடுக்க வேண்டாம். முதல் பாதியை மட்டும் நான் நம்புகிறேன். பிரபுக்கள் பரிவாரத்தோடு வந்து மடங்களில் டேரா போடுவது அந்தக் காலத்தில் தீராத தலைவலி. அதைச் செய்தது ஒரு பெண் என்பதும், அவர் மன்னிப்புக் கேட்காமல் எதிர்த்துப் பேசினார் என்பதும்தான் துறவிகளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். இதே வேலையைச் செய்த ஆண் பிரபுக்களையும் ஆர்டெரிக் திட்டுகிறார், ஆனால் அவர்கள் உடம்பை, பேச்சை வைத்துத் திட்டுவதில்லை.

மாபெலின் சாவு பற்றிச் சந்தேகமே வேண்டாம், அது கொலைதான். 1070-களின் பிற்பகுதி, டிசம்பர் தொடக்கம். தீவ் நதிக்கரையில் பூர் என்ற இடத்தில் குளித்துவிட்டுப் படுத்திருந்தவரை, ஹியூ புனெல் என்பவர் மூன்று சகோதரர்களோடு இரவில் உள்ளே நுழைந்து தலையை வெட்டிவிட்டார். ஹியூவின் பரம்பரைக் கோட்டையை மாபெல் பிடுங்கிக்கொண்டதுதான் காரணம். மாபெலின் மகன் ஹியூ (பெயர்கள் ஒன்றேபோல் இருக்கும், குழம்ப வேண்டாம்) பதினாறு வீரர்களோடு அருகிலேயே இருந்தும் துரத்த முடியவில்லை. குளிர்கால வெள்ளம், தப்பியவர்கள் பாலங்களை வேறு உடைத்துக்கொண்டே போய்விட்டார்கள். மாபெலை த்ரோஆர்ன் மடத்தில் புதைத்தார்கள். அங்கே மடாதிபதி எழுதிய கல்லறைப் பாட்டை ஆர்டெரிக் முழுசாகத் தன் நூலில் கொடுத்திருக்கிறார். அதில் மாபெல் அறிவும் துணிவும் உள்ளவர், நாட்டுக்குக் காவலாக நின்றவர், சிலருக்கு இனியவர், சிலருக்கு அச்சமானவர் என்று வருகிறது. இது நண்பர்களின் பட்சபாதம் என்று ஆர்டெரிக் கூடவே முணுமுணுக்கிறார். ஆனாலும் வெட்டிவிடாமல் கொடுத்தார் பாருங்கள், அதற்காக அவரை மதிக்கிறேன். அவருக்குப் பிடிக்காத சாட்சியையும் நமக்காக விட்டுவைத்திருக்கிறார்.

கொன்ற ஹியூ புனெல் இத்தாலி, சிசிலி, கிரேக்கப் பேரரசு என்று ஓடி, அங்கும் துரத்தப்பட்டு, கடைசியில் முஸ்லிம் நாடுகளில் இருபது வருடம் மறைந்து வாழ்ந்து, 1099-ல் சிலுவைப் படை ஜெருசலேமை முற்றுகையிட்டபோது நார்மண்டிக் கோமகன் ராபர்ட் முன்னால் வந்து நின்று உதவினாராம். முற்றுகைக்குப் போனவர்கள் மடத்துக்குத் திரும்பி வந்து சொன்ன செய்தியாக இருக்கலாம். வேறு எங்கும் இது பதிவாகவில்லை என்பதால் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹேஸ்டிங்ஸ், 1066-ல் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்ற போர். ரோஜர் அந்தப் போரில் ஒரு பக்கப் படைக்குத் தலைமை தாங்கினார் என்று நிறைய இடங்களில் எழுதுகிறார்கள். அதன் ஊற்று வாஸ் என்ற கவிஞர், போர் நடந்து நூறு வருடம் கழித்து எழுதியவர். 1066-க்கு அருகில் எழுதிய வில்லியம் ஆஃப் புவாத்தியே போரில் நின்றவர்களின் பெயரைச் சொல்லும் இடத்தில் ரோஜர் இல்லை. படையெடுப்பின்போது கோமகன் மனைவி மட்டில்டாவுக்குத் துணையாக நார்மண்டியைப் பார்த்துக்கொள்ள ரோஜரை விட்டுப் போனார், 1067 டிசம்பரில்தான் அவர் அரசரோடு இங்கிலாந்து வந்தார் என்று ஆர்டெரிக் சொல்கிறார். ரோஜர் வீட்டில் வேலை பார்த்தவரின் மகன், தன் அப்பாவின் எஜமானர் ஹேஸ்டிங்ஸில் சண்டை போட்டிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா? படையெடுப்புக்கு யார் எத்தனை கப்பல் தந்தார்கள் என்று சொல்லும் பட்டியலில் அவர் 60 கப்பல் கொடுத்ததாக இருக்கிறது, பணமும் ஆளும் தந்தார் என்பதை நம்பலாம். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அவர் போர்க்களத்தில் இல்லை என்றே கருதுகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான்.

போரில் இல்லாதவருக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். சசெக்ஸில் அருண்டெல், சிசெஸ்டர் பகுதி, 1070-களின் தொடக்கத்தில் வேல்ஸ் எல்லையில் ஷ்ராப்ஷயர் மாவட்டம் ஏறக்குறைய முழுசாக, ஷ்ரூஸ்பரி ஏர்ல் என்ற பிரபுப் பட்டம். 1086-ல் அரசர் இங்கிலாந்து நிலங்களுக்கு எடுத்த டூம்ஸ்டே கணக்குப்படி அவருடைய ஆங்கில நிலங்களின் ஆண்டு மதிப்பு 2,000 பவுண்டுக்கு மேல். அரசரின் சகோதரர்களை விட்டுவிட்டால் அவருக்கு நிகராக ஒருவர் இருவர்தான் தேறுவார்கள். எல்லைக்கு அப்பால் வேல்ஸில் மரக்கோட்டை ஒன்று கட்டித் தன் ஊர் பெயரையே வைத்தார். மான்ட்கோமரி என்ற ஊரும், அதன் பெயரால் ஒரு மாவட்டமும் வேல்ஸில் வந்தது அப்படித்தான். அந்த மண்மேட்டுக் கோட்டையைத் தொல்லியலாளர்கள் முப்பது வருடத்துக்கு மேல் தோண்டினார்கள். நெருக்கி நெருக்கிக் கட்டிய மரக் கட்டடங்கள் கிடைத்தன, சொகுசுப் பொருள் என்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நல்லவர் ரோஜர் என்பதை நீங்கள் சோதிக்க வேண்டிய இடம் இந்த டூம்ஸ்டேதான், ஏனென்றால் இங்கே பேசுவது மடம் இல்லை. ஷ்ரூஸ்பரிப் பதிவில் அந்த ஊர் ஆங்கிலேயர்கள் ஒரு முறையீடு வைக்கிறார்கள். ஏர்ல் கட்டிய கோட்டைக்காக 51 வீட்டுமனைகள் போய்விட்டன, இன்னொரு 50 பாழாகிக் கிடக்கின்றன, 43 மனைகளில் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள், தான் கட்டும் மடத்துக்கு ஏர்ல் 39 குடிகளைத் தாரைவார்த்துவிட்டார். முன்பு வரி கட்டியவர்கள் இத்தனை பேர் கழிந்த பிறகும், பழைய அரசர் காலத்தில் ஊர் மொத்தமும் கட்டிய அதே வரியை மிச்சமிருக்கும் நாங்கள் கட்ட வேண்டியிருக்கிறது, தாங்க முடியவில்லை என்கிறார்கள். ஆர்டெரிக் புகழும் அந்தப் புண்ணிய மடம், ஊர்க்காரர்கள் கணக்கில் ஒரு வரிச்சுமை. இரண்டும் ஒரே மனிதர் செய்த ஒரே காரியம்தான். ரோஜர் தன் வட்டத்துக்குள் நியாயமாக நடந்தார், குருமார்களின் பேச்சைக் கேட்டார், இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அந்த நியாயம் யார் வரைக்கும் நீண்டது என்பதுதான் கேள்வி.

மாபெல் இறந்தபின் ரோஜர் புய்சே குடும்பத்து அடெலைஸைக் கட்டினார். ஆர்டெரிக் அடெலைஸை மாபெலுக்கு நேர் எதிராக, சாந்தமும் பக்தியும் நிறைந்தவராக வரைகிறார். கெட்ட மனைவி, நல்ல மனைவி என்று இப்படி ஜோடி சேர்த்து எழுதுவது துறவிகளின் பழக்கம், அதனால் அடெலைஸின் குணமும் எனக்கு நிச்சயம் இல்லை. அவருக்கு எவரார்ட் என்று ஒரே மகன், அரசவைக் குருவானார். மாபெலுக்கு ஐந்து மகன்கள், நான்கு மகள்கள். மகள்களில் எம்மா அல்மெனேஷ் மடத்தின் தலைவி. மட்டில்டா அரசரின் தம்பி மோர்த்தேன் ராபர்ட்டைக் கட்டினார். சிபில் கணவர் ராபர்ட் ஃபிட்ஸ்ஹேமன், வேல்ஸின் தெற்கில் கிளாமோர்கன் பகுதியைப் பிடித்தவர்.

ரோஜர் 1088 கலகத்தில் இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மகனான புது அரசர் வில்லியம் ரூஃபஸுக்கு எதிரான பக்கம் சாய்ந்தார், மகன்கள் ரோசெஸ்டர் கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள். ரூஃபஸ் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசி மனசை மாற்றினார், என்னை அரசராக்கிய அதே கைதானே உங்களைப் பிரபுவாக்கியது என்கிற தோரணையில். ரோஜர் மாறிக்கொண்டார், சொத்தும் தப்பியது. 1094 ஜூலையில், சாவதற்கு மூன்று நாள் முன்பு துறவி உடை வாங்கிக்கொண்டு ஷ்ரூஸ்பரி மடத்தில் இறந்தார்.

மகன்களில் ஹியூவின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்டெரிக்கை வெளிச் சாட்சி வைத்துச் சோதிக்க இங்கேதான் நல்ல வாய்ப்பு. அப்பாவின் ஆங்கிலச் சொத்து இவருக்கு வந்தது. மாபெலின் மகன்களில் இவர் ஒருவர்தான் மென்மையானவர் என்று ஆர்டெரிக் எழுதுகிறார். 1098-ல் இவர் செஸ்டர் ஏர்லோடு சேர்ந்து வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக்குள் நுழைந்தார். அங்கே நடந்ததை வூஸ்டர் மடத்து வரலாறு எழுதுகிறது: பிடிபட்டவர்களின் கைகால்களை வெட்டினார்கள், கண்ணைக் குருடாக்கினார்கள், கென்ரெட் என்ற வயதான பாதிரியாரைத் தேவாலயத்திலிருந்து இழுத்து வந்து ஒரு கண்ணைப் பிடுங்கி நாக்கை அறுத்தார்கள். சில நாளில் நார்வே அரசர் மாக்னஸ் கப்பலோடு வந்தார், கரையில் குதிரையில் நின்ற ஹியூவின் கண்ணில் அம்பு பாய்ந்து இறந்தார். இந்த அம்பு ஆர்டெரிக்கிலும் இருக்கிறது, வேல்ஸ் எழுத்தாளர்களிலும் இருக்கிறது, ஐஸ்லாந்துக் கதைகளிலும் இருக்கிறது, ஒருவரையொருவர் பார்த்து எழுதாதவர்கள். எனவே அது உறுதி. மென்மையானவர் என்ற சான்றிதழ்தான் இடிக்கிறது.

இதையே திருப்பிப் போட்டால் ராபர்ட் தெ பெல்லெம். மூத்தவர், அம்மாவின் நிலம் வாங்கியவர், ஹியூவுக்குப் பின் ஆங்கிலச் சொத்தும் சேர்த்துக்கொண்டவர். சொந்த ஞானப்பிள்ளையின் கண்ணைக் கட்டைவிரலால் தோண்டியதாக ஒரு ஆசிரியர், பணயமாக இருந்த குழந்தையின் கண்ணை என்று இன்னொருவர். இரண்டும் ஒரே வதந்தியின் இரண்டு உருவம்போல இருக்கின்றன. ஆனால் இங்கே ஆர்டெரிக் மட்டும் தனியாகப் பேசவில்லை, மூன்று ஆங்கில-நார்மன் ஆசிரியர்கள் அவரைக் கொடியவர் என்கிறார்கள். அதனால் மாபெல் விஷயத்தைவிட இதை நான் கூடுதலாக ஏற்கிறேன். சாந்தெவ்ரூல் மடத்துக் குடிகளைத் தன் கோட்டை வேலைக்கு அடித்து இழுத்தார் என்பதையும் நம்புகிறேன். ஆனால் மூவரும் எழுதியது அரசர் முதலாம் ஹென்றியின் காலத்தில், ராபர்ட்டோ அந்த ஹென்றியின் பரம எதிரி என்பதை மறக்கக் கூடாது. கோட்டை கட்டுவதிலும் முற்றுகை யந்திரம் செய்வதிலும் அவருக்கு நிகரில்லை என்று ஆர்டெரிக்கே ஒப்புக்கொள்கிறார். 1102-ல் ஹென்றி 45 குற்றச்சாட்டுகளை அடுக்கி அழைப்பு அனுப்பினார். ராபர்ட் கோட்டைகளில் அடைந்துகொண்டு எதிர்த்தார், அருண்டெல், பிரிட்ஜ்நார்த், ஷ்ரூஸ்பரி எல்லாம் வரிசையாக விழுந்தன. தம்பிகள் ரோஜர், ஆர்னுல்ஃப் உட்பட மொத்தக் குடும்பமும் இங்கிலாந்தை விட்டு வெளியேறியது. ரோஜர் கட்டியது அவர் செத்த எட்டே வருடத்தில் கலைந்தது. 1112-ல் பிரான்ஸ் அரசரின் தூதராக வந்த ராபர்ட்டை ஹென்றி பிடித்து உள்ளே போட்டார். 1130-ஆம் ஆண்டு அரசுக் கணக்குச் சுருளில் வேர்ஹாம் ஊரில் அவருடைய சாப்பாட்டுக்கும் உடைக்கும் ஆன செலவு இருக்கிறது. ஆக, பதினெட்டு வருடம் கழித்தும் உயிரோடு சிறையில்தான் இருந்திருக்கிறார்.

கடைசியாக வம்சம். ஸ்காட்லாந்து மான்ட்கோமரிகள் ரோஜரின் வழி வந்தவர்கள் என்று பல குடும்ப மரங்களில் எழுதியிருக்கும். ஷ்ராப்ஷயரிலிருந்து 12-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரோடு ஒருவர் ஸ்காட்லாந்து போனது உண்மை. அவரை ரோஜரின் மகன் ஆர்னுல்ஃபோடு இணைக்கும் கண்ணிக்குச் சான்று கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு பிரபுவின் கோட்டைப் பெயரை அவருடைய ஆட்களும் சூட்டிக்கொள்வார்கள், பெயரை மட்டும் வைத்து ரத்தம் சொல்ல முடியாது. உறுதியான வழி வேறு பக்கம் இருக்கிறது. ராபர்ட்டின் மனைவி ஆக்னஸ் பொந்தியூ நாட்டு வாரிசு. அவர்கள் மகன் வில்லியம் தால்வாஸ் (கொள்ளுத்தாத்தா பெயரேதான்) அந்த நாட்டை ஆண்டார். அவருக்குப் பின் தலைமுறை தலைமுறையாக வந்து, கடைசியில் மகள்கள் வழியாக அது காஸ்டீல் நாட்டு எலியனோருக்கு வந்தது. எலியனோர் கட்டியது இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டை. 1102-ல் இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட ராபர்ட்டின் ரத்தம், அதன் மூலம் ரோஜர், மாபெல் இருவரின் ரத்தமும், இரண்டாம் எட்வர்டு தொடங்கி ஆங்கில அரச குடும்பத்துக்குள் வந்தது இப்படித்தான். இதன் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆதாரம் உண்டு.